முகத்தின் நிறம் முகத்திலேயே இருக்கட்டும்: வீட்டில் ஸ்ட்ரோப் வைத்துப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

ஸ்ட்ரோப் லைற் (படம் எடுக்கும் கணத்தில் மட்டும் மின்னலாக அடிக்கும் லைற்) வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "என்ன செட்டிங் வைக்க வேண்டும்?" என்பதைத்தான். ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/125 செக்கன், எஃப் (லென்சின் திறப்பைக் குறிக்கும் எண்) 8 என்று சொல்லிவிட்டுப் போகலாம். பரந்தனில் ஒரு வீட்டில் அது அப்படியே பொருந்தும். அதே எண்களோடு மல்லாவியில் இன்னொரு வீட்டுக்குப் போனால் முகம் வெளிறிப்போகும், அல்லது இருண்டு கிடக்கும். லைற் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, சுவர் என்ன நிறம், மேலே சீலிங் இருக்கிறதா வெறும் ஓடா என்பதெல்லாம் மாறும்போது எண்களும் மாறத்தான் செய்யும். ஆகவே எந்த வீட்டிலும் சரியான எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) கண்டுபிடிக்கும் ஒழுங்கைப் பழகிக்கொள்ளுங்கள். எண்கள் தாமாக வரும்.

வன்னியில் வீட்டுப் படங்களுக்குத் தனிப் பெறுமதி உண்டு. ஸ்டூடியோவுக்கு வர ஏலாத ஆச்சிமார், சாமத்தியவீட்டன்று அலங்காரம் முடிந்து இருக்கும் பிள்ளை, வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து கூடிய குடும்பம் என்று பலரை அவர்களுடைய வீட்டிலேயே எடுக்க வேண்டி வரும். இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த வீடுகளும் இங்கே நிறைய. அப்படியான ஒரு வீட்டில் நீங்கள் எடுக்கும் அம்மம்மாவின் படம்தான் அவருடைய ஒரே நல்ல படமாக இருக்கக்கூடும். அதில் அவருடைய தோல் நிறம் அவருடையதாகவே இருக்க வேண்டும். வெளுப்பாகக் காட்டினால் வீட்டுக்காரர் சந்தோசப்படுவார்கள் என்று நினைத்துக் கூட்டி எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெளிறிய முகத்தில் சுருக்கமும் இல்லை, கன்னத்தின் வளைவும் இல்லை, ஆளும் இல்லை.

இரண்டு வெளிச்சங்கள் இருக்கின்றன

ஸ்ட்ரோப் வைத்த அறையில் எப்போதும் இரண்டு வெளிச்சங்கள் உண்டு. ஒன்று அறையில் ஏற்கெனவே இருப்பது: யன்னல், திறந்த கதவு, எல்ஈடி பல்ப், ரியூப் லைற். மற்றது ஸ்ட்ரோப் அடிக்கும் மின்னல். இந்த இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்ட்ரோப்பின் மின்னல் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு செக்கன் அளவில், பல லைற்றுகளில் அதைவிடவும் விரைவாக, முடிந்துவிடும். ஷட்டர் 1/60 ஆக இருந்தாலும் 1/160 ஆக இருந்தாலும் அந்த மின்னல் முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது. அதனால் ஷட்டர் வேகத்தை மாற்றினால் முகத்தில் விழும் ஸ்ட்ரோப் வெளிச்சம் கூடாது, குறையாது. அறை வெளிச்சம் மட்டும்தான் மாறும். ஸ்ட்ரோப்பின் பவரையும் அது நிற்கும் தூரத்தையும் மாற்றினால் முகத்து மின்னல் மட்டும் மாறும். அபெர்ச்சரும் (எஃப் எண்ணால் சொல்லும் லென்சின் திறப்பு) ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே கூட்டும், குறைக்கும்.

படம் இருட்டாக வந்ததும் ஷட்டரைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பவர்களுக்கு முகம் அப்படியே இருண்டிருப்பதும், பின்னால் உள்ள சுவர் மட்டும் மஞ்சளாகத் தெரியத் தொடங்குவதும் இதனால்தான்.

அறையை முதலில் பாருங்கள்

இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. பெரிய ஹோல் கிடையாது. பல வீடுகளில் சீலிங் அடிக்கவில்லை. ஓடு அல்லது சீற் நேராகத் தெரியும். இணையக் காணொளிகளில் "லைற்றை மேலே திருப்பி வெள்ளைச் சீலிங்கில் பட்டு வரச் செய்யுங்கள்" என்பார்கள். ஓட்டுக் கூரையில் அது சரிவராது. பாதி வெளிச்சம் மேலேயே போய்விடும், திரும்பி வருவதும் ஓட்டின் செம்மண் நிறத்தோடு வரும். ஆகவே சொஃப்ட்பொக்ஸோ (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டி) குடையோ போட்டு நேராக முகத்துக்கே கொடுங்கள்.

சுவர் நிறம் இன்னொரு விசயம். பச்சை, றோஸ், நீலம் அடித்த சுவர்கள் இங்கே சாதாரணம். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் ஆளை இருத்தினால் முகத்தின் நிழல்பக்கம் பச்சை பிடிக்கும். முகத்தின் நடுவில் வேறு நிறம், ஓரத்தில் வேறு நிறம் என்றால் கணினியில் திருத்துவது பெரிய பாடு. அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். அல்லது ஆளைச் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி இருத்துங்கள்.

காற்றாடியை நிறுத்தச் சொல்லி ஆட்களை வேர்க்க வைக்க வேண்டாம். ஆனால் குடை போட்ட ஸ்ராண்ட் காற்றில் சரியும். ஒரு உரப்பையில் மணல் போட்டு ஸ்ராண்டின் காலில் வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

முதற்படி: கமராவைத் தயார்செய்தல்

கமராவை மனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100. தானியங்கி ஐஎஸ்ஓ நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஷட்டர் 1/125. அபெர்ச்சர் எஃப் 8. பின்னால் உள்ளவை மங்கலாக வேண்டும் என்றால் 5.6. கோப்பு வகை ரோ (பிறகு திருத்த வசதியான மூலக் கோப்பு). வைற் பலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கமராவைச் சரிசெய்வது) தானியங்கியில் விடாமல் ஃபிளாஷ் குறியில் அல்லது 5500 கெல்வினில் நிறுத்துங்கள்.

ஏன் 1/125? ஒவ்வொரு கமராவுக்கும் ஒரு சிங்க் வேகம் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம்) உண்டு. பெரும்பாலானவற்றில் அது 1/200 அல்லது 1/250. அதற்கு மேலே போனால் ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும் நேரமே இராது. படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். விலை குறைந்த றேடியோ ட்ரிகர்கள் (வயரில்லாமல் கமராவிலிருந்து ஸ்ட்ரோப்பை அடிக்க வைப்பவை) சற்றுப் பிந்தியும் அடிக்கும். 1/125இல் இந்தக் கவலைகள் இல்லை.

மிரர்லெஸ் கமரா என்றால் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். சைலன்ற் ஷட்டர் போட்டிருந்தால் பல கமராக்களில் ஃபிளாஷ் அடிக்காது, அதை நிறுத்துங்கள். அடுத்தது, இந்த செட்டிங்கில் திரை கும்மிருட்டாகத் தெரியும். கமரா பழுதில்லை. எக்ஸ்போஷர் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி திறந்திருக்கிறது. அதற்கு ஸ்ட்ரோப் அடிக்கப்போவது தெரியாது. மெனுவில் அதை நிறுத்திவிட்டால் ஆள் வெளிச்சமாகத் தெரிவார்.

இரண்டாம் படி: கறுப்புப் படம்

ஸ்ட்ரோப்பை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்தால் அறை வெளிச்சம் கணக்கிலிருந்து போய்விட்டது. இனி முகத்தில் விழுவது எல்லாம் நீங்கள் வைக்கும் லைற்தான்.

கறுப்பாக வராமல் யன்னல் பக்கம் ஏதாவது தெரிந்தால், யன்னலுக்கு ஒரு தடித்த சீலையைப் போடுங்கள், பல்பை அணையுங்கள், அல்லது ஷட்டரை 1/160க்கு ஏற்றுங்கள். எல்ஈடி பல்பின் மஞ்சளும் ஸ்ட்ரோப்பின் வெள்ளையும் ஒரே கன்னத்தில் கலந்தால் தோல் நிறம் எதுவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்தப் படிக்கு அரை நிமிடம்கூடப் போகாது. ஆனால் அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

மூன்றாம் படி: லைற்றின் இடமும் தூரமும்

ஒரு லைற் போதும். ஆளுக்கு முன்னால், ஒரு பக்கமாக ஏறத்தாழ 45 பாகை திருப்பி, கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கண்ணில் ஒரு சிறு ஒளிப்பொட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் லைற் அதிக உயரத்தில் இருக்கிறது.

தூரத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே பேசுவது லைற்றுக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம். கமரா எங்கே நிற்கிறது என்பது எக்ஸ்போஷரை மாற்றாது. லைற் 1 மீற்றரில் இருந்து 1.4 மீற்றருக்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். 2 மீற்றரில் கால்வாசி. 2.8 மீற்றரில் எட்டில் ஒன்று. 1.4, 2, 2.8, 4, 5.6 என்ற இந்த வரிசை லென்சில் நீங்கள் பார்க்கும் எஃப் எண் வரிசையேதான். லைற்றை இந்த வரிசையில் ஒரு எண் பின்னுக்கு நகர்த்தினால், அபெர்ச்சரையும் ஒரு எண் கூடுதலாகத் திறக்க வேண்டும், அதாவது சிறிய எஃப் எண்ணுக்குப் போக வேண்டும். அல்லது பவரை இரண்டு மடங்காக்க வேண்டும்.

ஆகவே ஒரு முழம் முன்னே பின்னே என்று அலட்சியமாக இருக்க முடியாது. சொஃப்ட்பொக்ஸின் விளிம்பில் ஒரு நூலைக் கட்டி, 1.2 மீற்றரில் முடிச்சுப் போட்டு வையுங்கள். ஆள் இருந்ததும் முடிச்சைக் கன்னம்வரை இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தூரம் ஒன்றாக இருந்தால் பவரும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும்.

இதே கணக்குச் சுவருக்கும் பொருந்தும். லைற் முகத்திலிருந்து 1 மீற்றரில், சுவர் முகத்துக்குப் பின்னால் இன்னும் 1 மீற்றரில் என்றால், லைற்றிலிருந்து சுவருக்கு 2 மீற்றர். சுவர் முகத்தைவிட இரண்டு ஸ்டொப் இருட்டாகும் (வெளிச்சம் இரண்டு மடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டொப்). வர்ணச் சுவர், கலண்டர், வயர் எல்லாம் அடங்கிப்போகும். லைற்றை 3 மீற்றருக்குப் பின்னால் கொண்டுபோனால் சுவருக்கும் முகத்துக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு ஸ்டொப்புக்கும் குறைந்துவிடும். சின்ன வீட்டில் லைற்றைக் கிட்டக் கொண்டுவருவது அழகுக்கும் நல்லது, சுவரை மறைக்கவும் நல்லது.

குடும்பப் படத்தில் மட்டும் இது எதிராக வேலை செய்யும். கிட்ட நிற்பவர் வெளுத்து, அந்தப் பக்கம் நிற்பவர் இருண்டுபோவார். அப்போது லைற்றைப் பின்னுக்கு எடுக்கத்தான் வேண்டும். 1.2இலிருந்து 2.4 மீற்றருக்குப் போனால் பவரை நாலு மடங்காக்குங்கள்.

நான்காம் படி: பவர்

300 வாட்-செக்கன் ஸ்ட்ரோப், 80 சென்ரிமீற்றர் அளவிலான சொஃப்ட்பொக்ஸ், தூரம் 1.2 மீற்றர், ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்றால் 1/8 பவரில் தொடங்குங்கள். எஃப் 5.6 என்றால் 1/16. இது தொடக்கம் மட்டுமே. சொஃப்ட்பொக்ஸின் துணி ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வரை வெளிச்சத்தைக் குடிக்கும். செம்மண் தூசி படிந்து பழுத்த துணி இன்னும் கூடக் குடிக்கும், நிறத்தையும் மஞ்சளாக்கும். அடிக்கடி கழுவிக் காயவையுங்கள்.

இருட்டாக வந்தால் 1/4, வெளுத்தால் 1/16 என்று முழு ஸ்டொப்பாகவே நகருங்கள். கிட்ட வந்தபின் மூன்றிலொரு ஸ்டொப்பாகத் திருத்தலாம். கமராவில் ஒன்றையும் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

டிடிஎல் வசதி (கமராவே அளந்து பவரைத் தீர்மானிப்பது) உள்ள லைற் என்றாலும் இருந்த இடத்தில் எடுக்கும் படத்துக்கு மனுவலையே பரிந்துரைப்பேன். அப்பப்பா வெள்ளை வேட்டி சால்வையோடு இருந்தால் டிடிஎல் வெள்ளையைக் கண்டு பவரைக் குறைத்துவிடும், முகம் இருளும். அடுத்ததாகக் கறுப்பு உடுப்போடு பேரன் வந்தால் கூட்டிவிடும்.

மெயின் கரண்டில் ஓடும் பழைய மாதிரி லைற்றுகளில் பவரைக் குறைத்ததும் உள்ளே ஏற்கெனவே நிறைந்த மின்சாரம் அப்படியே நிற்கும். டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்கி அதை வெளியேற்றிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் குறைத்த பிறகு எடுக்கும் முதற்படம் பழைய பவரிலேயே வரும்.

ஐந்தாம் படி: சரியா என்று பார்த்தல்

கமராத் திரையை நம்ப வேண்டாம். இருட்டறையில் திரை பளிச்சென்று இருக்கும். இருண்ட படமும் நல்லாயிருப்பதாகத் தெரியும். முற்றத்தில் வெயிலில் நின்று பார்த்தால் நல்ல படமும் இருட்டாகத் தெரியும். ஹிஸ்டோகிராமையும் (படத்தின் இருட்டை இடப்பக்கத்திலும் வெளிச்சத்தை வலப்பக்கத்திலும் காட்டும் வரைபடம்), வெளுத்த இடங்கள் மினுங்கும் எச்சரிக்கையையும் திறந்து வையுங்கள்.

18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆளின் கையில் கொடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் கமராவை நோக்கிப் பிடிக்கச் சொல்லி, சட்டகம் நிறைய அதை எடுங்கள். ஹிஸ்டோகிராமில் ஒரு கூர்முனை நடுவில் நிற்க வேண்டும். இடப்பக்கம் என்றால் பவர் போதாது, வலப்பக்கம் என்றால் கூடிவிட்டது. அதே படத்தை வைத்து வைற் பலன்ஸையும் பிறகு சரிசெய்யலாம். ஃபிளாஷ் மீற்றர் உள்ளவர்கள் அதை நாடிக்குக் கீழே பிடித்து, வெள்ளைக் குமிழைக் கமராப் பக்கம் திருப்பி, லைற்றை அடித்து அளக்கலாம். அது எஃப் 8 என்று காட்டும்வரை பவரை மாற்றினால் போதும். கைபேசியில் இறக்கும் மீற்றர் செயலிகள் தொடர்ந்து எரியும் வெளிச்சத்தை அளப்பவை. ஸ்ட்ரோப்புக்கு அவை உதவா.

இனி முகம். வெளிநாட்டுக் காணொளிகளில் தோல் சாம்பல் அட்டையைவிட ஒரு ஸ்டொப் மேலே விழ வேண்டும், ஸீப்ராவை (குறித்த அளவு வெளிச்சமான இடங்களில் கோடு காட்டும் கமரா வசதி) 70 சதவீதத்தில் வையுங்கள் என்று சொல்வார்கள். வெள்ளைத் தோலுக்கு அது சரி. நம்மவர்களின் மண்ணிறத் தோல் பெரும்பாலும் சாம்பல் அட்டையின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோதான் விழும். வயலில் வெயில் பட்டுக் கறுத்த முகம் ஒரு ஸ்டொப் கீழேயே இருக்கும். அது குறைந்த எக்ஸ்போஷர் அல்ல. அந்த முகத்தின் உண்மையான இடம் அது. அதை 70க்கு ஏற்றினால் முதலில் சிவப்பு நிறத்தளம் வெட்டுப்படும், அதாவது அதில் விவரம் போய்விடும். கன்னம் மஞ்சளாகித் தட்டையாகும். ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மூன்றில் எதுவும் வலது விளிம்பில் முட்டி நிற்கக் கூடாது.

கறுத்த முகம் நிழலில் மூழ்குகிறது என்றால் பவரைக் கூட்டாமல் நிழலை நிரப்புங்கள். லைற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் தட்டையோ வெள்ளைப் படுக்கை விரிப்பையோ முகத்துக்குக் கிட்டப் பிடித்தால் போதும். ஒளிப்பக்கம் மாறாது, நிழல்பக்கம் மட்டும் திறக்கும். சொஃப்ட்பொக்ஸை இன்னும் கிட்டக் கொண்டுவந்து பவரைக் குறைப்பதும் உதவும். தோலின் மினுக்கம் பரந்து மென்மையாகும்.

வேர்வை இங்கே எப்போதும் இருக்கும். நெற்றியில் வெள்ளைத் திட்டாக மினுங்கினால் எக்ஸ்போஷரைத் தொடாமல் கைலேஞ்சியால் ஒற்றச் சொல்லுங்கள். "ஆச்சி, நெற்றியை ஒருக்கா ஒற்றுங்கோ" என்றால் அவரும் சிரிப்பார், நல்ல முகமும் வரும்.

வேட்டியிலும் வெள்ளைச் சேலையிலும் மினுங்கும் எச்சரிக்கை பரவலாக வந்தால் மூன்றிலொரு ஸ்டொப் குறைத்துப் பாருங்கள். நெசவும் மடிப்பும் தெரிய வேண்டும். சாமத்தியவீட்டுப் பிள்ளையின் தங்க நகையிலும் கூறைச் சரிகையிலும் ஊசிமுனை அளவில் மினுங்குவது இயல்பு. அதற்காகப் பவரைக் குறைத்தால் பிள்ளையின் முகம் இருளும். நகையைவிட முகம் முக்கியம்.

ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு என்று வந்தால்

முதலில் கரண்டைப் பாருங்கள். நம் நாட்டில் 230 வோல்ற். பின்னேரம் வோல்ற்றேஜ் இறங்கும் ஊர்களில், அதுவும் மெல்லிய நீள வயரில் லைற்றை இழுத்துப் போட்டால், ஸ்ட்ரோப் மீண்டும் நிறைய அதிக நேரம் எடுக்கும். நிறையும் முன்பே அடித்தால் படம் இருண்டு வரும். பீப் சத்தம் அல்லது பச்சை விளக்கு வரும்வரை பொறுங்கள். மொடலிங் லைற்றை (ஸ்ட்ரோப்பிலேயே தொடர்ந்து எரியும் பல்ப்) அணைத்தால் சுமை குறையும். சின்ன ஜெனரேட்டரில் ஓட்டும்போது இது அவசியம். பற்றரி ஸ்ட்ரோப் வாங்க வசதியுள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வன்னிக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த லைற் என்றால் செருகும் முன் அடியில் ஒட்டியிருப்பதை வாசியுங்கள். அங்கே 120 வோல்ற். 100 முதல் 240 வரை என்று இருந்தால் செருகலாம். 120 மட்டும் என்றால் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகினால் எரிந்துபோகும். பழைய ஸ்டூடியோ ஃபிளாஷ்களை வயரால் நேரே கமராவில் கொழுவவும் வேண்டாம். சிலவற்றில் ட்ரிகர் வயரில் 200 வோல்ற்றுக்கு மேலும் வரும். புதிய கமரா தாங்காது. றேடியோ ட்ரிகர் போடுங்கள்.

கடைசியாக: அறையைத் திரும்ப உள்ளே விடுதல்

முகம் சரியாக வந்த பிறகு, ஆளின் வீடும் தெரிய வேண்டும் என்று தோன்றும். அப்போது ஷட்டரை மட்டும் இறக்குங்கள்: 1/60, 1/30. முகம் மாறாது, விறாந்தையின் தூணும் முற்றத்து வேம்பும் மெல்ல மெல்ல வரும். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு இது மிக அழகாக அமையும். மத்தியான வெயிலில் முற்றத்தைப் பின்னால் வைத்து எடுப்பதென்றால் கணக்கு வேறு. ஐஎஸ்ஓ 100, 1/125இல் வெயில் எஃப் 16 கேட்கும். முகத்துக்கும் எஃப் 16 அளவு கொடுக்க மேலே சொன்ன அதே லைற்றில் ஏறத்தாழப் பாதிப் பவர் வேண்டும். ஆள் விறாந்தை நிழலில் இருக்க வேண்டும், லைற் 1.2 மீற்றரைத் தாண்டக் கூடாது. ஷட்டர் 1/30க்கு வரும்போது முக்காலியில் கமராவைப் பூட்டி, ஆளை ஒரு கணம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். மின்னல் முகத்தை உறையவைத்தாலும் அசைந்த தலையின் ஓரத்தில் அறை வெளிச்சம் ஒரு மங்கல் கோட்டை விட்டுவிடும்.